முதலில் எந்த வாசல்? இருண்ட காதல் மாயப் புனைவில் ஐந்து நாவல்கள்

அக்காவின் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பருவத் தேர்வு முடிந்த மறுநாள் அவள் ஒரு தாளை என்னிடம் நீட்டி, "சித்தி, பத்து நாள்தான் லீவு. இதுல எதை முதல்ல படிக்கட்டும்?" என்று கேட்டாள். தோழிகள் சொன்னவை, நான் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னவை என்று ஐந்து பெயர்களை எழுதி வைத்திருந்தாள்: ஷெரிடன் லெ ஃபனுவின் 'கார்மில்லா', ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் த வாம்பயர்', ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்', சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்', நவோமி நோவிக்கின் 'அப்ரூட்டட்'. ஐந்தும் ஆங்கில நாவல்கள். முதலாவது நூலாக வந்தது 1872இல். கடைசி இரண்டும் 2015இல். தன்னைவிடப் பன்மடங்கு வயதும் வலிமையும் கொண்ட, நினைத்தால் தன்னை அழித்துவிடக் கூடிய ஒருவரிடம் மனம் ஈடுபட்டுப்போவதே ஐந்துக்கும் பொதுவான கதை. அன்று அவளுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஐந்தையும் மறுபடி எண்ணிப் பார்த்து மறுநாள் நான் சொன்ன பதிலைத்தான், அதே இடத்தில் தயங்கி நிற்கும் பிறருக்கும் பயன்படலாம் என்பதால், இங்கே விரித்து எழுதுகிறேன்.

இவ்வகை நாவலின் ஈர்ப்பு எதில் இருக்கிறது என்று தெளியாமல் ஒன்றைப் பரிந்துரைப்பது சரியாகாது. அஞ்சத் தக்கதும் விரும்பத் தக்கதும் ஒரே உருவில் வந்து நிற்பதைக் குறிக்கத் தமிழில் 'அணங்கு' என்ற பழஞ்சொல் இருக்கிறது. வருத்துகிற தெய்வத்துக்கும் வருத்துகிற அழகுக்கும் அது ஒன்றே. காமத்துப்பாலின் முதல் அதிகாரமே 'தகையணங்குறுத்தல்'. அதன் முதல் குறளில், எதிரே நிற்பவள் அணங்கோ, மயிலோ, மானிடப் பெண்தானோ என்று ஒரு நெஞ்சம் தெளிய முடியாமல் மயங்குகிறது. எனவே இந்த மயக்கம் நமக்கு அயலானதன்று. ஆனால் அக்குறளின் மயக்கம் அடுத்தடுத்த குறள்களில் காதலாகக் கனிந்துவிடுகிறது. இந்த ஐரோப்பிய, அமெரிக்க நாவல்களிலோ எதிரே நிற்பவர் உண்மையாகவே அணங்காக இருந்துவிடுகிறார். அதை அறிந்த பிறகும் மனம் பின்வாங்குவதில்லை.

இவற்றில் பலவற்றுக்கு மூதாதை என்று சொல்லத்தக்க கதை, விலங்கின் மாளிகைக்குப் போன அழகியின் கதை. அதை 1740இல் வில்நவ் என்ற பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் நீண்ட கதையாக எழுதினார். அதில் விலங்கு ஒவ்வோர் இரவும் அழகியிடம் வந்து, தன்னோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்வாளா என்று கேட்கிறது. அவள் மறுக்கிறாள், அது எதுவும் செய்யாமல் திரும்பிப் போகிறது. 1756இல் போமோன் என்ற மற்றொரு பெண் எழுத்தாளர் அக்கதையைச் சுருக்கி எழுதியபோது, கேள்வியைத் திருமணமாக மாற்றினார். நாம் சிறுவயதில் படங்களோடு பார்த்தது அந்த வடிவத்தின் வழிவந்தது. கேள்வி மாறினாலும் கதையின் உயிர் மாறவில்லை. கதவை ஒரே அடியில் உடைத்துப் போடக்கூடிய ஒன்று, 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாசலிலேயே நிற்கிறது; மறுநாளும் வந்து கேட்கிறது. வாசிப்பவரின் மனம் துடிப்பது அந்த வாசற்படியில்தான் என்று நான் நம்புகிறேன். உள்ளே நின்றுகொண்டு தாழ்ப்பாளைப் பிடித்திருப்பது யார், அதைத் திறக்கும் கை தன் விருப்பத்தால் திறக்கிறதா, அதைக் குறித்து ஆசிரியர் நேர்மையாக எழுதுகிறாரா என்பவற்றைக் கொண்டே இந்த ஐந்தையும் நிறுத்துப் பார்த்தேன்.

பட்டியலில் 'டிராகுலா' ஏன் இல்லை என்று கேட்கக்கூடும். வீட்டில் உள்ளவர் ஒருவர் முதலில் அழைக்காமல் ரத்தக் காட்டேரி உள்ளே நுழைய முடியாது என்ற விதி 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் அந்த நாவல் வழியாகவே பரவலாக நிலைபெற்றது. இருந்தாலும் அது வேட்டையின் கதை. ரத்தக் காட்டேரியான டிராகுலா பிரபுவின் மீது காதலைப் பூசியவை பின்னால் வந்த திரைப்படங்கள். காதலைத் தேடி அதை எடுப்பவர் ஏமாந்துபோவார்.

டிராகுலாவுக்கு இருபத்தைந்து ஆண்டு முந்தைய 'கார்மில்லா'வுக்கு வருகிறேன். ஸ்டோக்கரைப் போலவே லெ ஃபனுவும் டப்ளின்காரர். கதை நடப்பது ஆஸ்திரியாவின் ஸ்டைரியாப் பகுதியில், காடு சூழ்ந்த ஒரு கோட்டை வீட்டில். ஆஸ்திரிய அரசிடம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆங்கிலேயத் தந்தை, தாயில்லாத மகள் லாரா, அவளைப் பார்த்துக்கொள்ளும் இரு பெண்மணிகள். அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. நிலவொளி நிறைந்த ஒரு மாலையில் விரைந்து வரும் வண்டியொன்று அவர்கள் வீட்டருகே கவிழ்கிறது. உயிர்போகும் அவசரப் பயணத்தில் இருப்பதாகச் சொல்லும் ஒரு சீமாட்டி, மயங்கிக் கிடக்கும் தன் மகளை மூன்று மாதம் அங்கே விட்டுவிட்டுப் போகிறாள். லாராவே தந்தையிடம் கெஞ்சி அந்தப் பெண்ணைத் தங்கவைக்கிறாள். அழைப்பு உள்ளிருந்தே, தனிமையிலிருந்து வருகிறது. பத்தொன்பது வயதில் ஒரு தோழிக்காக ஏங்கியவள் அவள்.

வந்தவள் பெயர் கார்மில்லா. பகல் ஒரு மணிக்குப் பிறகே அறையைவிட்டு வெளியே வருகிறாள். ஒரு கோப்பை சாக்லேட் பானத்தைத் தவிர ஏறக்குறைய எதையும் உண்பதில்லை. சவ ஊர்வலப் பாடல் காதில் விழுந்தால் உடல் நடுங்கச் சினம் கொள்கிறாள். ஊர் ஊராகச் சுற்றும் ஒரு கூனன் முற்றத்துக்கு வந்து, சன்னலில் நிற்பவளின் பல் ஊசிபோல் கூர்மையாக இருக்கிறதென்றும், வேண்டுமானால் அராவி மழுங்கச் செய்துவிடலாமென்றும் மரியாதையாகவே சொல்கிறான். இத்தனையும் லாராவின் கண்முன் நடக்கின்றன. அவளுக்கு ஈர்ப்பும் அருவருப்பும் ஒருங்கே எழுகின்றன. அதை மறைக்காமல் சொல்கிறாள். பிறகு, துடைத்துப் புதுப்பித்த பழைய ஓவியங்களோடு, அவற்றைப் புதுப்பிப்பவரின் மகன் கிராட்ஸ் நகரத்திலிருந்து வருகிறான். கரியேறிப்போயிருந்த ஒரு சிறு ஓவியத்தின் அழுக்கு நீங்கியிருக்கிறது; கார்மில்லாவின் முகம் அப்படியே, கழுத்து மச்சம் உட்பட, அதில் தெரிகிறது. ஓரத்தில் 1698 என்ற ஆண்டு. லாரா அலறவில்லை. இந்தப் படத்தை என் அறையில் மாட்டிக்கொள்ளட்டுமா அப்பா என்று கேட்கிறாள்.

இந்த ஒரு காட்சியின் ஆழத்தைப் பின்னால் வந்த எத்தனையோ பெரும் தொகுதிகளில் நான் காணவில்லை. கதையின் முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், வரவேற்பறைக் கதவருகே அந்த மெல்லிய காலடியோசை கேட்பதாகத் தனக்குத் தோன்றும் என்று லாரா எழுதுகிறாள் என்பதை மட்டும் சொல்லலாம். ஆபத்து கடைசிவரை ஆபத்தாகவே இருக்கிறது, அன்பும் பொய்யாகிவிடவில்லை. இரண்டு பெண்களுக்கிடையேயான ஈர்ப்பை விக்டோரியா காலத்து எழுத்தாளர் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பது இன்றும் வியப்பளிக்கிறது. குறை என்று சொன்னால், வேட்டைக்கு வரும் ஆண்கள் கடைசிப் பகுதியை விரைவாகத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு விடுகிறார்கள்; லாரா ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலம் முதல் இருபது பக்கம் சற்றுத் தடுக்கும். பதினாறு சிறிய அத்தியாயங்கள்தான். இரண்டு இரவுகள் போதும். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலென்பதால் காசு கொடுக்காமலேயே கிடைக்கும்.

ஆன் ரைஸின் நாவல் 1976இல் வந்தது. அவர் தம் ஐந்து வயது மகளை 1972இல் ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நாவலில் ஐந்து வயதுச் சிறுமி க்ளாடியா ரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டுச் சாவில்லாமல் வாழ்கிறாள் என்பதைப் படிக்கும்போது இந்தச் செய்தி மனத்தில் கனக்காமல் இருப்பதில்லை. நியூ ஆர்லியன்ஸ் அருகே அவுரித் தோட்டம் வைத்திருந்த லூயி, தம்பியின் சாவுக்குத் தானே காரணம் என்ற குற்ற உணர்வில் சாவைத் தேடி அலைந்த 1791இல், லெஸ்டாட் என்பவனால் மாற்றப்படுகிறான். அவன் தன் கதையை சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறையில் அமர்ந்து, ஒலிப்பதிவு நாடா ஓட ஓட, ஓர் இளைஞனுக்குச் சொல்கிறான். லூயி வாசலைத் திறந்தது துயரத்தில். முழு மனத்தோடு திறந்தான் என்று சொல்ல முடியாது. க்ளாடியாவோ கேட்கப்படவே இல்லை. அறுபது ஆண்டுக்கு மேல் கடந்து மனம் முதிர்ந்த பெண்ணாகியும், பொம்மைபோன்ற உடலுக்குள் அடைபட்டவளாக அவள் தன்னை இப்படி ஆக்கிய இருவரிடமும் கொள்ளும் கோபம்தான் நாவலின் இதயம். கேட்காமல் செய்யப்பட்டதை அன்பு என்ற பெயர் மன்னித்துவிடாது என்பதை இத்தனை கடுமையாகச் சொன்ன நாவல் இந்தப் பட்டியலில் வேறில்லை.

ரைஸிடம் இன்னொன்றும் இருக்கிறது. இருநூறு ஆண்டுத் துயரத்தை ஒரே இரவில் கேட்டு முடித்த அந்த இளைஞன், கடைசியில் என்ன கேட்கிறான் தெரியுமா? தன்னையும் அப்படி ஆக்கிவிடும்படி கேட்கிறான். சொன்னவனுக்கு ஆத்திரம் பொங்குகிறது. முடிவை வெளிப்படுத்தியதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்; இவ்வகை நாவல் நம்மை ஏன் இழுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். எச்சரிக்கையாகச் சொல்லப்படுவதே அழைப்பாகக் கேட்கிறது. எனினும் இதை முதல் நூலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நடை அடர்த்தியானது, நடுப்பகுதி மெதுவாக நகரும், துக்கம் பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போகும். அண்மையில் யாரையேனும் இழந்தவர் இதை எடுக்கும் முன் இரு முறை யோசிக்க வேண்டும். மேலும், அடிமைகளை உழைக்கவைத்த தோட்டத்தின் முதலாளி தன் துயரத்தைப் பேசுகிறான் என்பதை நாவல் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்ற மனக்குறையும் எனக்கு உண்டு.

'ட்வைலைட்' குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை; கதை பலருக்கும் தெரியும். 2005இல் வந்த இந்நாவலில், மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு வரும் பெல்லா, 1918இன் இன்ஃபுளுவன்ஸாக் கொள்ளைநோயில் சாகக் கிடந்து ரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்ட எட்வர்டைக் காதலிக்கிறாள். அவளுடைய ரத்தத்தின் வாசனை அவனைப் பித்தாக்குகிறது. அவன் தன்னை அடக்கிக்கொள்கிறான். அந்த அடக்கம்தான் நாவலின் முழு ஈர்ப்பும், வில்நவின் விலங்கு வாசலில் நின்றதைப் போல. ஆனால் அவளுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அதே எட்வர்ட் சொல்கிறான். பெல்லா நாணுகிறாள், தூக்கத்தில் உளறியிருப்போமோ என்று கவலைப்படுகிறாள். ஆசிரியரும் அதைக் காதலின் அடையாளமாகவே நடத்திக் கடந்துவிடுகிறார். அழைக்காமல் நுழையக் கூடாது என்ற பழைய விதி இங்கே தொலைந்தது மட்டுமன்றி, தொலைந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை என்பதே என் வருத்தம். பதினைந்து வயதில் முதன்முதலாகக் காதல் என்ற சொல்லின் சூட்டை உணர்பவருக்கு இந்நாவல் கொடுக்கும் படபடப்பு பொய்யானதன்று. நடையும் மிக எளியது. இருபதை எட்டியவளுக்கு நான் இதை முதலில் கொடுக்கமாட்டேன்.

இப்போது கடைகளில் அடுக்கடுக்காக இருப்பது சாரா ஜே. மாஸின் நாவல்தான், என் பட்டியல்காரியின் தோழிகள் எல்லோரும் சொன்னதும் இதையே. ஃபெய்ரா என்ற பத்தொன்பது வயதுப் பெண் குடும்பத்தின் பசியைத் தீர்க்கப் பனிக்காட்டில் வேட்டையாடுகிறாள். அவள் அம்பெய்து கொல்லும் ஓநாய், உண்மையில் ஃபே எனப்படும் மாய இனத்தைச் சேர்ந்தவன். அதற்கு ஈடாக அவள் அவர்களின் நாட்டுக்குப் போய் வாழ வேண்டியதாகிறது. அங்கே கழற்ற முடியாத முகமூடியோடு இருக்கும் தலைவன் டாம்லினிடம் மனம் சாய்கிறது. முதல் பாதி விலங்கின் மாளிகைக் கதைதான். பின்பாதியில் நிலத்தடி அரண்மனையில் அவள் மூன்று சோதனைகளைக் கடக்கும் பகுதி உண்மையிலேயே விறுவிறுப்பானது; எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தடுமாறும் ஃபெய்ராவுக்கு, சுவரில் எழுதியிருப்பதைப் படித்தால்தான் உயிர் தப்பலாம் என்ற நிலை வரும் இடத்தில் என் கை வியர்த்தது.

ஆனால் அதே அரண்மனையில் ரைசண்ட் என்பவன் ஒவ்வோர் இரவும் அவளுக்கு மயக்கும் மதுவைக் கொடுத்து, எல்லோர் முன்னிலையிலும் ஆடவைக்கிறான். அவளுக்கு விடிந்தால் எதுவும் நினைவிருப்பதில்லை. அவன் அப்படிச் செய்தது அவளைக் காப்பதற்காகவே என்று பிறகு காரணம் சொல்லப்படுகிறது. 2016இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவனே காதலனாகிறான். அந்த இரண்டாம் பாகத்தில், பாதுகாப்பு என்ற பெயரில் டாம்லின் அவளை வீட்டுக்குள் அடைத்து வைக்க, அவள் மூச்சுத் திணறி உடைந்துபோகும் காட்சி எழுதப்பட்டிருக்கும் விதத்தை நான் மதிக்கிறேன். தன்னைக் காப்பாற்றுவதாகச் சொல்பவனே சிறைவைப்பவனாகலாம் என்று இளம் வாசகர்களுக்கு அது உறைக்கச் சொல்கிறது. ஆனால் அடைத்தவனிடம் அந்தக் கணக்கைத் தீர்க்கும் ஆசிரியர், மது கொடுத்தவனிடம் அதே கண்டிப்பைக் காட்டவில்லை. இவ்வகைக் கதையில் காதலன் தீங்கு செய்வதில் எனக்கு மறுப்பில்லை. கார்மில்லா செய்யாத தீங்கா? தீங்கைத் தீங்கு என்று எழுதிவிட்டுக் காதலை எழுத வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. ஆகவே இதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன்; இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ, கேள்விகள் கேட்கப் பழகிய பிறகு படிக்கலாம் என்பேன். நடைமுறையில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். இது தொடர்; முதல் பாகத்தோடு நிறுத்த மனம் வராது, பத்து நாள் போதாது. இளையோர் நூலாக முதலில் விற்கப்பட்டாலும், உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக உள்ளன. பள்ளிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

'அப்ரூட்டட்' ஒரே நூலில் முடிந்துவிடுகிறது. அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் தரப்படும் நெபுலா விருதைச் சிறந்த நாவல் பிரிவில் பெற்றது. போலந்து நாட்டுப்புறக் கதைகளின் மண்வாசனை கொண்ட ஒரு பள்ளத்தாக்கில், டிராகன் என்று அழைக்கப்படும் மந்திரவாதி பத்தாண்டுக்கு ஒரு முறை ஒரு பெண்ணைத் தன் கோபுரத்துக்குக் கொண்டுபோகிறான். எல்லோரும் அழகும் துணிவும் கொண்ட காசியாவைத்தான் எடுப்பான் என்று எண்ணியிருக்க, எப்போதும் பாவாடையில் சேறும் கிழிசலுமாக இருக்கும் அக்னியெஷ்கா எடுக்கப்படுகிறாள். அவன் கடுகடுப்பானவன், வாயைத் திறந்தால் ஏச்சு. இருவரும் சேர்ந்து ஒரு மந்திரத்தை நெய்யும் இடத்தில், அவனுடைய ஒழுங்கான மந்திரத்துக்குள் அவளுடைய கட்டற்ற மந்திரம் கொடிபோல ஓடிப் பின்னிக்கொள்ளும். தொடாமலேயே இருவருக்கும் மூச்சு வாங்கும். இவள் கோபுரத்துக்கு வந்தது தன் விருப்பத்தால் அன்று என்றாலும், பிறகு அவன் அறைக் கதவைத் தேடிப் போய்த் திறப்பது அவளுடைய கைதான். அந்த வகையில் என் அளவுகோலுக்கு மிகவும் ஒத்துவரும் நாவல் இதுவே.

அப்படியானால் இதையே ஏன் முதலில் பரிந்துரைக்கவில்லை? இந்நாவலின் உண்மையான இருள் மந்திரவாதியிடம் இல்லை. மனிதர்களை விழுங்கி மரத்துக்குள் பூட்டி வைக்கும் காட்டிடம் இருக்கிறது. கதையின் ஆழ்ந்த பாசமும் அக்னியெஷ்காவுக்கும் காசியாவுக்கும் இடையிலான நட்பில் இருக்கிறது. மரத்துக்குள் சிக்கிய காசியாவை அவள் மீட்கப் போகும் அத்தியாயங்களுக்கு முன்னால் காதல் மெலிந்து நிற்கிறது. மிகச் சிறந்த மாயப் புனைவு. ஆனால் அஞ்சுவதும் விரும்புவதும் ஒரே முகத்தில் வந்து நிற்கும் அந்த அணங்கு அனுபவத்தைத் தேடுபவருக்கு இது முழுதாகத் தராது. காதலைவிடக் கதையை விரும்புகிறவர், ரத்தக் காட்டேரி என்றாலே ஒதுங்குகிறவர், ஒரே நூலில் நிறைவு வேண்டுகிறவர் ஆகியோர் தயங்காமல் இதிலிருந்து தொடங்கலாம்.

அவளுக்கு நான் சொன்னது 'கார்மில்லா'. பத்து நாளில் இரண்டே நாள் எடுக்கும் என்பதும் செலவில்லை என்பதும் துணைக் காரணங்கள்தாம். பின்வந்தவர்கள் இழுத்தும் வளைத்தும் பெருக்கியும் எழுதிய எல்லாவற்றின் விதையும் அதில் இருக்கிறது. அதைப் படித்தவருக்கு எட்வர்ட் அறைக்குள் நிற்கும்போதும் ரைசண்ட் கோப்பையை நீட்டும்போதும் எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும் என்று தானாகத் தெரியும். அடுத்து 'அப்ரூட்டட்', மீதி நாள் இருந்தால் ரைஸ், மாஸின் தொடரை அடுத்த நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள் என்றும் சொன்னேன். முகத்தில் சிறிது ஏமாற்றம் தெரிந்தது. தோழிகளோடு பேசுவதற்கு மாஸ் வேண்டுமே என்ற கவலை அவளுக்கு. அதுவும் நியாயமான தேவைதான், ஒரு புத்தகத்தைப் பலரும் ஒரே நேரத்தில் படிப்பதில் தனி மகிழ்ச்சி இருக்கிறது. ஆனாலும் இரண்டு இரவு பொறுத்துக்கொள் என்றேன்.

மூன்றாம் நாள் இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி ஒலித்தது. "சித்தி, அந்தப் படத்தை ரூம்ல மாட்டிக்கிறேன்னு கேட்டாளே, அவளுக்கு அப்பவே தெரியுமா?" என்றாள். எனக்கும் பல ஆண்டுகளாக அதே ஐயம் உண்டு என்றும், தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்றும் சொன்னேன். அவள் இல்லை என்று வாதாடினாள். அவளுக்குத் தெரிந்திருந்தால் கார்மில்லாவைக் கண்டு முதலில் பயந்திருப்பாள், பிறகுதானே அன்பு வரும் என்றாள். ஐந்தாம் அத்தியாயத்தை மறுபடி திறந்து, ஓவியம் துலங்கிய பிறகு இருவரும் நிலவில் முற்றத்துக்கு நடந்துபோகும் இடத்தைப் படித்துப் பார் என்றேன். தொலைபேசியை வைக்காமலேயே பக்கங்களைத் தள்ளிப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.